டிவைசஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் துடுப்புப் படகுப் போட்டியின் வரலாறு

டிவைசஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் துடுப்புப் படகுப் போட்டி இங்கிலாந்தில் ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில் நடைபெறும் நெடுந்தூரப் போட்டி. வில்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள டிவைசஸ் நகரின் கால்வாய்த் துறையில் தொடங்கி, லண்டனில் பாராளுமன்றக் கட்டடத்தை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் முடிகிறது. மொத்தத் தொலைவு 125 மைல் (201 கி.மீ.). வழியில் 77 இடங்களில் படகை நீரிலிருந்து எடுத்துக் கரைவழியே சுமந்து சென்று மீண்டும் நீரில் இறக்க வேண்டும். 1948-ல் சாரணர் நால்வர் மேற்கொண்ட பயணமே இப்போட்டியின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பெயரில் 'கானோ' என்ற சொல் இருந்தாலும், போட்டியாளர்களில் பெரும்பாலோர் செலுத்துவது இருபுறமும் அலகு கொண்ட துடுப்பால் ஓட்டும் கயாக் வகைப் படகு.

கால்வாயின் பின்னணி

போட்டியின் முதற்பகுதி கென்னட்–ஏவன் கால்வாய் வழியே செல்கிறது. பிரிஸ்டல் துறைமுகத்தையும் லண்டனையும் உள்நாட்டு நீர்வழியால் இணைக்கும் நோக்கில் பொறியாளர் ஜான் ரென்னி வடிவமைத்த இக்கால்வாய் 1810-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பிரிஸ்டல் முதல் ரெடிங் வரை ஆற்றுப் பகுதிகளையும் சேர்த்து இதன் நீளம் 87 மைல்.

மேடும் பள்ளமுமான நிலத்தில் படகுகளை ஏற்றி இறக்க 'லாக்' என்னும் அமைப்பு பயன்படுகிறது. இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட கல் தொட்டி இது. படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுசெல்வார்கள். ஒருமுறை இயக்க லட்சக்கணக்கான லிட்டர் நீர் வேண்டும், நேரமும் பிடிக்கும். சென்னையின் பக்கிங்காம் கால்வாயிலும் இத்தகைய லாக்குகள் இருந்தன.

லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் இடையே கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதை 1841-ல் முழுமை பெற்றதும் கால்வாயின் சரக்கு வணிகம் சரியத் தொடங்கியது. 1852-ல் கால்வாயே அந்த ரயில் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. போட்டியாளனின் உடைமையாகிவிட்ட கால்வாயைப் பேணுவதில் நிறுவனத்துக்கு அக்கறை இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பல லாக்குகளின் மரக்கதவுகள் உளுத்துக் கிடந்தன. நீர்மட்டம் குறைந்து நாணலும் பாசியும் மண்டியிருந்தன. 1948 ஜனவரியில் நாட்டுடைமையாக்கத்தின்போது கால்வாய் அரசுப் போக்குவரத்து ஆணையத்திடம் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஈஸ்டரில்தான் சாரணர்கள் அதில் படகை இறக்கினர்.

தோற்றம்

போட்டியின் வேர் ஒரு பந்தயத்தில் உள்ளது. டிவைசஸுக்குக் கிழக்கே உள்ள பியூசி கிராமத்தில் 1920 வாக்கில், ஏவன் ஆற்றின் வழியே தெற்கே கடல்வரை மூன்று நாட்களுக்குள் படகில் போய்விட முடியும் என்று ராய் குக் என்பவரும் நண்பர்களும் பந்தயம் கட்டி, அதைச் செய்தும் காட்டினர். (இது சாலிஸ்பரி வழியாகப் பாயும் ஏவன் ஆறு. கால்வாயின் பெயரிலுள்ள ஏவன், பிரிஸ்டல் வழியாகப் பாயும் வேறோர் ஆறு.)

போருக்குப் பின் அந்தப் பயணத்தை மீண்டும் நடத்தும் பேச்சு எழுந்தபோது, தெற்கே செல்வதற்குப் பதில் கிழக்கே கால்வாய் வழியாகவும் தேம்ஸ் வழியாகவும் லண்டனுக்கே போனால் என்ன என்ற யோசனை பிறந்தது. டிவைசஸின் ரோவர் சாரணர் நால்வர் அதை ஏற்றனர். 100 மணி நேரத்துக்குள் வெஸ்ட்மின்ஸ்டரை அடைந்தால் சாரணர் குழுவுக்கு ஒரு தொகை தருவதாக ஊரார் உறுதியளித்தனர். உணவு, கூடாரம் உட்பட எல்லாவற்றையும் அவர்களே படகில் கொண்டுசெல்ல வேண்டும் என்பது நிபந்தனை. 1948 ஈஸ்டரில் அவர்கள் 90 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் பயணத்தை முடித்தனர்.

சரக்குப் படகுகள் செல்ல முடியாத கால்வாயில் சாரணர்களால் செல்ல முடிந்ததற்குக் காரணம் எளியது. சரக்குப் படகுக்கு லாக் இயங்கியே ஆக வேண்டும். ஒரு லாக் பழுதானாலும் வழி அடைபடும். துடுப்புப் படகுக்கு அரை முழ ஆழ நீர் போதும். லாக் வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். கைவிடப்பட்ட கால்வாயின் முழு நீளத்தையும் கடக்க அப்போது ஏற்றதாக இருந்தது இத்தகைய சிறு படகுதான்.

சாரணர்களின் நேரத்தை முறியடிக்க 1949-ல் வேறு குழுக்கள் முயன்றன. 1950-ல் முறையான விதிகளுடன் ஆண்டுப் போட்டியாக இது அமைந்தது. விரைவிலேயே இராணுவ அணிகளும் பங்கேற்கத் தொடங்கின.

பாதை

பாதை மூன்று தன்மைகள் கொண்ட நீரைக் கடக்கிறது.

1. டிவைசஸ் முதல் ரெடிங் வரை 54 மைல்: கால்வாய். டிவைசஸுக்கு மேற்கே கேன் ஹில் சரிவில் 29 லாக்குகள் உள்ளன. போட்டி அவற்றுக்குக் கிழக்கே, மேட்டின் மேலிருந்து தொடங்குவதால் அவை தவிர்க்கப்படுகின்றன. தொடக்கத்தில் 15 மைல் தூரத்துக்கு ஒரு லாக்கும் இல்லை. வூட்டன் ரிவர்ஸ் கிராமத்தில் முதல் லாக் வருகிறது. அங்கிருந்து நான்கு லாக்குகள் ஏறினால் கால்வாயின் உச்சி மட்டம். உச்சியில் 459 மீட்டர் நீளமுள்ள புரூஸ் சுரங்கத்தை இருட்டில் கடக்க வேண்டும். பின்னர் கிராஃப்டனில் ஒன்பது லாக்குகள் அடுத்தடுத்து இறங்குகின்றன. நியூபரிக்குப் பிறகு கென்னட் ஆறு கால்வாயோடு கலந்தும் பிரிந்தும் ஓடுவதால் ஓரளவு நீரோட்டம் கிடைக்கிறது.

2. ரெடிங் முதல் டெடிங்டன் வரை 54 மைல்: தேம்ஸ் ஆறு. இங்கே 20 லாக்குகள். ஒவ்வொன்றின் அருகிலும் அணை உண்டு. வெள்ளக் காலத்தில் அணையை நோக்கி இழுக்கும் நீரே இப்பகுதியின் பெரிய ஆபத்து.

3. டெடிங்டன் முதல் வெஸ்ட்மின்ஸ்டர் வரை 17 மைல்: கடலின் ஓதம் ஏறி இறங்கும் தேம்ஸ். இடையில் ரிச்மண்டில் 1894-ல் அமைந்த மதகுத் தடுப்பு ஒன்று உள்ளது. உயர் ஓதத்தை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே அது மேலே தூக்கப்பட்டிருக்கும்.

நிர்வாகமும் இவ்வாறே மூன்றாகப் பிரிந்துள்ளது. கால்வாய், கால்வாய்–ஆறு அறக்கட்டளையின் பொறுப்பு. டெடிங்டன் வரையான தேம்ஸ், சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பு. அதற்குக் கீழே லண்டன் துறைமுக ஆணையம்.

திட்டமிடல்

இப்போட்டிக்கான திட்டம் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி எழுதப்படுகிறது. ஓதம் ஏறும்போது டெடிங்டனுக்குக் கீழே நீர் மேல்நோக்கிப் பாயும். நூறு மைலுக்கு மேல் துடுப்பு போட்டுக் களைத்தவர்களால் அதை எதிர்த்து 17 மைல் செல்வது அரிது. எனவே உயர் ஓதம் கடந்து நீர் இறங்கத் தொடங்கும் வேளையில் டெடிங்டனில் இருக்க வேண்டும். அதற்கென வகுக்கப்பட்ட நேர வரம்புக்கு முன் வந்தால் காத்திருக்க வேண்டும். பிந்தி வந்தால் அதற்குமேல் செல்ல அனுமதி இல்லை.

இரவும் பகலும் நிற்காமல் செல்லும் முதுநிலை இருவர் பிரிவில் அணிகள் தங்கள் வேகத்தைக் கணித்துத் தொடங்கும் நேரத்தைத் தாமே தேர்கின்றன. டெடிங்டனில் ஞாயிறு காலை 5 மணிக்கு உயர் ஓதம் என்று வைத்துக்கொண்டால், முதல் 108 மைலுக்கு 20 மணி நேரம் தேவைப்படும் அணி சனிக்கிழமை காலை 9 மணியளவில் புறப்பட வேண்டும். 16 மணி நேரத்தில் முடிக்கும் அணி பிற்பகல் ஒரு மணி வரை காத்திருக்கலாம். மெதுவானவர்கள் முதலிலும் வேகமானவர்கள் கடைசியிலும் புறப்படுவது இதனால்தான். டிவைசஸில் முந்திச் செல்லும் படகு வெல்லும் படகாக இருக்க வேண்டியதில்லை.

போட்டி ஈஸ்டரில் நடப்பதற்கும் ஓதத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர். ஆகவே போட்டி எப்போதும் பௌர்ணமிக்குப் பிந்தைய ஒரு வாரத்துக்குள் அமைகிறது. லண்டனில் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயர் ஓதம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மணிக்கு வரும். பின் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஈஸ்டர் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், ஞாயிறு உயர் ஓதம் பின்னிரவுக்கும் காலைக்கும் இடையிலேயே விழுகிறது. சனிக்கிழமை பகலில் கால்வாய், இரவில் தேம்ஸ், ஞாயிறு காலையில் லண்டன் என்னும் ஒழுங்கு இதனால் நிலைக்கிறது.

அடுத்த கணக்கு சுமப்புக்கானது. படகைத் தூக்கி லாக்கைக் கடப்பதைப் போட்டியாளர்கள் 'போர்ட்டேஜ்' என்பர். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 77 இடங்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் குறைத்தால் 77 நிமிடம் மிச்சம். அதனால் அணிகள் துடுப்புப் பயிற்சிக்கு இணையாக ஓட்டப் பயிற்சியும் செய்கின்றன. கரையில் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பதை ஒவ்வொரு லாக்குக்கும் தனித்தனியே முன்பே பார்த்துக் குறித்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த லாக்குகள் நெருக்கமாக இருந்தால் இடையில் நீரில் இறங்காமல் ஓடியே கடப்பது லாபமா என்பதும் முன்கூட்டியே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி.

மூன்றாவது, கரையில் இருக்கும் உதவிக் குழு. 1948-ன் சாரணர்கள் எல்லாவற்றையும் படகிலேயே கொண்டுசென்றனர். பின்னாளில் காரில் தொடர்ந்து வந்து உணவு, நீர், உலர்ந்த ஆடை, விளக்கு ஆகியவற்றைக் கொடுக்கும் குழுக்கள் போட்டியின் அங்கமாயின. கிராமத்துக் குறுகிய சாலைகளில் படகுக்கு முன்னே சென்று சேர்வதும், இருட்டில் சரியான கரையில் நிற்பதும் அவர்கள் வேலை. ஏப்ரல் மாதத்து இங்கிலாந்து இரவில் உறைபனி விழக்கூடும். நனைந்த உடலோடு பசித்திருப்பவர் விரைவில் உடல்வெப்பம் இழந்து தெளிவிழப்பார். ஒரு சந்திப்பு தவறினால் படகோட்டியின் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒவ்வோர் ஆண்டும் கணிசமான அணிகள் பாதியில் விலகுகின்றன. விலக வேண்டிய தருணத்தைப் பெரும்பாலும் கரையில் இருப்பவரே முதலில் கண்டுகொள்கிறார்.

ஓதத்தைக் கணிக்க முடியும். வெள்ளத்தைக் கணிக்க முடியாது. பனிக்கால மழைக்குப் பின் தேம்ஸ் பெருக்கெடுத்தால் லாக்குகளில் சிவப்புப் பலகை ஏற்றப்படும். அத்தகைய ஆண்டுகளில் பாதை சுருக்கப்பட்டோ போட்டி கைவிடப்பட்டோ இருக்கிறது. 2020-ல் கொரோனா தொற்றால் போட்டி ரத்தானது.

பிரிவுகளும் சாதனையும்

நிற்காமல் செல்லும் பிரிவு தவிர, நான்கு நாட்களில் கட்டம் கட்டமாகச் செல்லும் பிரிவுகளும் உள்ளன. இளையோருக்கும் ஒருவர் படகுகளுக்கும் இதுவே வழி. நியூபரி, மார்லோ, டெடிங்டன் அருகிலுள்ள ஹாம் ஆகிய இடங்களில் இரவு தங்கி, நான்காம் நாள் இறங்கும் ஓதத்தோடு வெஸ்ட்மின்ஸ்டருக்குச் செல்வார்கள்.

1979-ல் பிரையன் கிரீன்ஹாம், டிம் கார்னிஷ் இருவரும் 15 மணி 34 நிமிடம் 12 விநாடியில் முழுத் தொலைவையும் கடந்தனர். எல்லாச் சுமப்புகளையும் சேர்த்து மணிக்குச் சராசரி எட்டு மைல் வேகம் இது. படகுகள் எடை குறைந்து மேம்பட்டுவிட்ட பின்னரும் பல பத்தாண்டுகளாக இது முறியடிக்கப்படவில்லை. நல்ல நீரோட்டமும் சரியான ஓதமும் ஒரே நாளில் வாய்ப்பது அரிது என்பது ஒரு காரணம்.

கால்வாயின் மீட்சியும் போட்டியும்

1956-ல் கால்வாயில் படகு செல்லும் உரிமையையே நீக்க மசோதா கொண்டுவரப்பட்டது. 20,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு அரசிக்கு மனு அளித்தனர். படகுரிமை நிறுத்திவைக்கப்பட்டாலும், கால்வாய் மேலும் சீரழிய விடக்கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. 1962-ல் மீட்புக்கான அறக்கட்டளை அமைந்தது. தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் சேற்றை அள்ளிக் கதவுகளைப் புதுப்பித்தனர். 1990 ஆகஸ்ட் 8-ல் இரண்டாம் எலிசபெத் அரசி கால்வாயை மீண்டும் திறந்துவைத்தார்.

கால்வாயைக் காத்தது இப்போட்டி என்று சொல்வது மிகை. அந்தப் பெருமை மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கும் சேறு அள்ளியவர்களுக்கும் உரியது. ஆனால் வரைபடத்தில் செத்துப்போன வழியாகக் குறிக்கப்பட்டிருந்த காலத்திலும், ஆண்டுக்கொரு முறை டிவைசஸிலிருந்து லண்டன்வரை அவ்வழியே மனிதர்கள் நீரில் சென்றுவந்தனர். அது இன்னும் நீர்வழிதான் என்பதற்கு அதுவே சான்றாக இருந்தது. இன்று லாக்குகள் எல்லாம் இயங்குகின்றன. விடுமுறைப் படகுகள் அவற்றின் வழியே ஏறி இறங்குகின்றன. போட்டிப் படகுகள் மட்டும் 1948-ல் போலவே அவற்றின் ஓரமாகத் தோளில் சுமக்கப்பட்டுச் செல்கின்றன.