வீட்டுக் குளிர்காலக் காப்பு

வீட்டுக் குளிர்காலக் காப்பு என்பது, குளிர்காலம் தொடங்குமுன் வீட்டின் காற்றுக் கசிவுகளை அடைத்து, வெப்பக் காப்பை மேம்படுத்தி, வெப்பமூட்டும் கருவிகளைச் சீர்செய்து எரிபொருள் செலவைக் குறைக்கும் பணிகளைக் குறிக்கும். கனடாவில் வீடுகள் பயன்படுத்தும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அறைகளைச் சூடாக்கவே செலவாகிறது. ஆகையால் அங்கு இது இலையுதிர் காலத்து வழமையான பராமரிப்புப் பணி ஆகும். இக்கட்டுரை கனடிய நடைமுறையைத் தழுவியது.

காற்றுக் கசிவு

சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அது மேலெழுந்து மேல்மாடி உட்கூரையின் துளைகள் வழியாக வெளியேறுகிறது. அதற்கு ஈடாக நிலவறையின் இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இது புகைபோக்கி விளைவு எனப்படும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு கூடும்போது இதன் வேகமும் கூடும். அதாவது, வெப்பம் மிகத் தேவைப்படும் நாளிலேயே வீடு அதனை மிகுதியாக இழக்கிறது.

சன்னலோரம் குளிர்வதை உணர்வோர் முதலில் சன்னலையே மாற்ற எண்ணுவதுண்டு. ஆனால் புதிய சன்னல்களின் விலையை எரிபொருள் சேமிப்பு ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். பெரிய கசிவுகள் பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களிலேயே உள்ளன: அடித்தளச் சுவரும் மரச்சட்டமும் சேரும் விளிம்பு, கூரையடி வெளிக்கு ஏறும் மூடி, குழாய்களும் மின்கம்பிகளும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்கள், வெளிச்சுவரிலுள்ள மின்செருகிப் பெட்டிகள். காற்று வீசும் குளிர்நாளில் கொளுத்திய ஊதுபத்தியை இவ்விடங்களில் பிடித்தால், புகை அலைவதைக் கொண்டு கசிவை அறியலாம். துல்லியமாக அளக்க வேண்டுமெனில், வாயிலில் பெரிய விசிறியைப் பொருத்தி 50 பாசுக்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கிச் சோதிப்பர்.

அசையாத இடுக்குகள் பசையாலும், திறந்து மூடும் விளிம்புகள் நுரைப் பட்டையாலும் அடைக்கப்படும். வாடகைக்குக் குடியிருப்போருக்கு உகந்த மலிவான வழி, சன்னலின் உட்புறம் மெல்லிய நெகிழித் தாளை ஒட்டி, தலைமுடி உலர்த்தியால் சூடேற்றி இறுக்குவதாகும்.

வெப்பக் காப்பு

காப்புப் பொருளின் வெப்பத் தடை 'ஆர்' எண்ணால் குறிக்கப்படும். எண் கூடினால் தடையும் கூடும். கண்ணாடி இழை, செல்லுலோசு, பாறைக் கம்பளி ஆகியன பரவலாகப் பயன்படுகின்றன. கூரையடி வெளியில் காப்பைக் கூட்டுவது எளிது, பயனும் மிகுதி. ஆயினும் உட்கூரைத் துளைகளை அடைத்த பின்னரே அதைச் செய்தல் வேண்டும். இவ்வரிசை மாறினால், ஈரக்காற்று காப்பின் ஊடாக ஏறி, குளிர்ந்த கூரைப் பலகையில் நீராகப் படிந்து, பூஞ்சணத்துக்கும் மரம் உளுத்துப் போவதற்கும் வழிவகுக்கும். கூரை விளிம்பிலுள்ள காற்றுத் துவாரங்களை மூடுவதும் இதே தீங்கைத் தரும்.

பழைய வீடுகளின் கூரையடி வெளியில் கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் மணிகள் காணப்பட்டால், ஆய்வு செய்யும்வரை அவற்றைக் கிளறக் கூடாது. 1990 வரை அமெரிக்காவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருந்தது.

பாதுகாப்பு

இறுக்கமாக அடைக்கப்பட்ட வீட்டில் எரிவளி உலை, நீர்சூடாக்கி ஆகியவற்றின் புகை வெளியேறாமல் உள்ளே திரும்பக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குவோரை விழிக்காமலே கொல்லவல்லது. எனவே உலையை ஆண்டுதோறும் சோதிப்பதும், சுவரில் உள்ள அதன் புகைக்குழாய் வாயைப் பனி மூடாமல் காப்பதும் இன்றியமையாதவை. ஒன்டாரியோ மாகாணத்தில் எரிபொருள் கருவிகள் உள்ள வீடுகளில், உறங்கும் இடங்களுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2014 முதல் கட்டாயமாகும்.

வரலாறு

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இப்பணிகள் அரசுக் கொள்கையாயின. கனடிய அரசு 1977இல் காப்பு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. அம்மானியத்தில் பல வீடுகளின் சுவர்களுக்குள் யூரியா-பார்மால்டிகைடு நுரை செலுத்தப்பட்டது. அதிலிருந்து கசிந்த வளி உடல்நலக் கவலையை எழுப்பவே, 1980 திசம்பரில் அரசு அதனைத் தடை செய்தது. செலவைக் குறைக்க முனைந்தோர் பலர் பின்னர் அந்நுரையை அகற்றவும் செலவிட நேர்ந்தது.

அதே 1977இல் ரெஜைனா நகரில் சசுகாச்சுவான் சேமிப்பு வீடு கட்டப்பட்டது. தடித்த காப்பும், மிகக் குறைந்த காற்றுக் கசிவும், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றும் கருவியும் கொண்ட அவ்வீட்டில் வழமையான உலை இல்லை. செருமனியின் டார்ம்சுடாட்டில் 1991இல் நிறைவுற்ற முதல் 'பாசிவ்' வீட்டுக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.