பெரட்டுக் களங்கள் இரண்டு

போரின் வரலாறு பெரும்பாலும் போர்முனையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. படை நகர்ந்த திசை, வீழ்ந்த நகரம், வென்ற தளபதி ஆகியவற்றோடு ஏடு நிறைந்துவிடுகிறது. ஆனால் போருக்கு அழைக்கப்பட்டவர்களில் மிகப் பலர் தம் நாட்களின் பெரும்பகுதியைப் பீரங்கி ஓசை எட்டாத பாசறைகளிலேயே கழித்தனர். விழிப்பதும், அணிவகுப்பதும், பூட்சுகளைத் துலக்குவதும், காத்திருப்பதுமே அவர்கள் கண்ட போர். அந்தப் பாசறை வாழ்வை ஊவா மலைகளில் வைத்து ஆராயப் புகும்போது, அதற்கு அண்டையில் ஏறக்குறைய அதே ஒழுங்கில் நடந்த வேறொரு வாழ்வும் நம் கண்ணிற் படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி எந்த ஒன்றும் நமக்கு முழுமையாக விளங்காது.

பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையில், புல் மூடிய குன்றுகளின் நடுவே அமைந்தது தியத்தலாவை. 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகள் கப்பலில் கொழும்புக்கும், அங்கிருந்து புகையிரதத்தில் இம்மலைக்கும் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் தொகை ஏறத்தாழ 5,000. 1902இல் போர் முடிந்து கைதிகள் திரும்பினர், முகாம் நிலைத்துவிட்டது. 1914இலும், மீண்டும் 1939இலும் இலங்கையிலிருந்த ஜெர்மானியர் இங்கே அடைத்து வைக்கப்பட்டனர். பௌத்த ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற ஞானதிலோக தேரர் இரு போர்களிலும் இங்கே கைதியாக இருந்தார். காவியுடையையும் பகைவனின் சீருடையாகக் கண்டது ஏகாதிபத்தியம்!

இரண்டாவது உலகப்போரின்போது தியத்தலாவை படைப்பயிற்சிக்கும், களைத்த கடற்படையினரின் ஓய்வுக்கும் உரிய இடமாயிற்று. அங்கே ஒரு சாதாரணச் சிப்பாயின் நாள் எப்படிக் கழிந்தது? விடியற்குளிரில் எக்காளம் ஊதும். கட்டிலைச் சீர்செய்து, பித்தளைப் பொத்தான்களை மினுக்கி, அவன் அணிவகுப்புத் திடலில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடப்படும். பிறகு உடற்பயிற்சி, துப்பாக்கிப் பயிற்சி, பதுங்குகுழி வெட்டுதல். முறை வந்தால் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தல், இரவில் காவல். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அதிகாரி படித்துத் தணிக்கை செய்வார். அனுமதிச் சீட்டின்றி வெளியேறினால் தண்டனை. சம்பளத்துக்கும் வரிசை, சாப்பாட்டுக்கும் வரிசை. வீரம் என்று பாடப்படும் பொருளுக்கு இங்கே இடம் மிகக் குறைவு, கீழ்ப்படிதலுக்கோ எல்லையில்லை.

இனிக் கிழக்கே திரும்புவோம். ஒன்பது முடிகளை உடையதென்று பெயர் பெற்ற நமுனுகுல மலை, 6,600 அடிக்கு மேல் உயர்ந்து, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் மேல் நிழல் விரித்து நிற்கிறது. அத்தோட்டங்களில் விடியலை அறிவித்தது எக்காளமன்று, தப்பு. தப்போசை கேட்டதும் லயங்களிலிருந்து ஆணும் பெண்ணும் புறப்பட்டுப் பெரட்டுக் களத்தில் கூடுவர். அங்கும் பெயர் கூப்பிடப்படும். கங்காணியும் கணக்குப்பிள்ளையும் நிற்க, துரை வந்து ஆட்களை மலைமலையாகப் பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தவருக்குப் பேர் இல்லை; பேர் இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை.

பெரட்டு என்னும் சொல்லைக் கவனியுங்கள். அது பரேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் மலைநாட்டுத் திரிபு. லயம் என்பது லைன் என்பதிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகளுக்கும் அதே பெயர்தான். இது வெறும் சொல் ஒற்றுமையன்று. 1830களிலும் 1840களிலும் காட்டை வாங்கிக் கோப்பி பயிரிட்டவர்களிற் பலர் படை அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தருமே. கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் போட்ட தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூ போரிற் பங்குகொண்ட தளபதி. படையை நடத்திய கை தோட்டத்தையும் நடத்தியது. பாசறையின் ஒழுங்கைத் தமிழ்நாட்டு உழவனின் தோள்மேல் ஏற்றியது. அனுமதியின்றிப் போகும் சிப்பாய்க்குச் சிறை இருந்ததுபோல, முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளிக்கும் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறைத் தண்டனை விதித்தது. 1920களின் தொடக்கத்திலேதான் அத்தண்டனை நீங்கியது. தோட்டத் துரைமாரோ 1900இல் தமக்கெனத் துப்பாக்கிப் படையொன்றை அமைத்துக்கொண்டனர். காலையில் பெரட்டு எடுத்தவரே அப்படையில் அணிவகுத்தும் நின்றார்.

ஆயினும் இரு களங்களுக்கும் இடையே ஓர் ஆழ்ந்த வேறுபாடு உண்டு. சிப்பாயின் பெரட்டு போர் முடியும் நாளில் முடிந்துவிடும். தொழிலாளியின் பெரட்டுக்கு முடிவு நாள் குறிக்கப்படவில்லை. சிப்பாய்க்கு உடையும் உணவும் அரசு கொடுத்தது. தொழிலாளிக்கோ, 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியின்படி, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். 1942 மார்ச் மாதத்தில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி வரும் வழி அடைபட்டது. வெளிநாட்டு அரிசியையே நம்பியிருந்த லயத்து அடுப்புகளுக்குக் கோதுமை மா வந்து சேர்ந்தது. ரொட்டி மலைநாட்டின் அன்றாட உணவாக ஊன்றிக்கொண்டதில் அந்தப் பங்கீட்டுக் காலத்துக்குப் பங்குண்டு.

அதே வேளையில் தொழிலாளி பறித்த கொழுந்தின் நிலை என்ன? 1940 ஜூலையில் பிரிட்டனில் தேயிலை பங்கீட்டுக்கு உட்பட்டது: ஆளுக்கு வாரம் 2 அவுன்சு. அந்நாட்டு உணவு அமைச்சு இலங்கைத் தேயிலையை மொத்தமாக வாங்கியது. ஏனெனில் தேநீரின்றிப் பிரிட்டிஷ் படையுமில்லை, ஆலையுமில்லை. தியத்தலாவைத் தகரக் குவளையில் ஆவி பறந்த தேநீருக்குப் பின்னால் மலைச்சரிவிற் கூடை சுமந்த ஒரு பெண்ணின் முதுகு இருந்தது. அவளும் போர்த்தொழிலாளியே. ஆயினும் அவள் பெயர் எந்தப் போர்ப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இவ்வொழுங்கை ஊவாத் தொழிலாளர் தலைகுனிந்து ஏற்றனர் என்று எண்ணிவிட வேண்டாம். 1940 மே மாதத்தில், பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜக் கட்சியினரின் தலைமையிலிருந்த சங்கத்தின்கீழ் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் தமக்கென ஒரு பேரவையைத் தேர்ந்தெடுத்தனர். அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் துப்பாக்கிகளையே பறித்தனர். பிறகு அடக்குமுறை வென்றது. ஜூன் மாதத்தில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன ஆகியோர் சிறைப்பட்டனர். 1942இல் அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் கட்டளையும் வந்தது. கூலியாளும் இப்போது சட்டப்படியே சிப்பாய் ஆக்கப்பட்டான். சிப்பாயின் சோறுமட்டும் அவனுக்கில்லை.

சீருடை அணிந்த இலங்கையருக்கும் பொறுமை ஒருநாள் வற்றியது. 1942 மே 8ஆம் நாள் இரவு, கொக்கோஸ் தீவிலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் வெள்ளை அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சி அன்றிரவே தோற்றது. கிரேஷன் பெர்னாண்டோவும் அவருடைய தோழர் இருவரும் ஆகஸ்டில் வெலிக்கடையிற் தூக்கிலிடப்பட்டனர். ஜப்பானியப் படையை விடுதலைப் படையென நம்பியது பெரும் பிழைதான். ஆனால் அந்தப் பிழையை விளைவித்த நிறவெறியும் அவமதிப்பும் ஏகாதிபத்தியம் விதைத்தவை.

போர் முடிந்தது. 1949 அக்டோபரில் இலங்கை இராணுவம் உருவாயிற்று. அடுத்த ஆண்டே தியத்தலாவையிற் பயிற்சி நிலையம் எழுந்தது. நாட்டின் கொடி பாசறையில் ஏறியது. பெரட்டுக் களத்துக்கு வந்ததோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1947இல் 7 பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952இல் வாக்கற்று நின்றனர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிற்பாடு பேசலாம் என ஒதுக்கியது. நாடற்றோரென எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஆறு ஆண்டு நடந்த போரின் சிப்பாய்க்குப் பதக்கம் கிடைத்தது. அப்போருக்குத் தேநீர் ஊட்டியவர்களின் பிள்ளைகள் ஒரு பத்திரத்துக்காக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர்.

வகுப்பறையில் உலகப்போரைப் போதிக்கும் ஆசிரிய நண்பர்கள் ஸ்டாலின்கிராடையும் நோர்மண்டியையும் கூறுவதோடு நின்றுவிடலாகாது. பெரட்டு என்னும் அந்த ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அது எங்கிருந்து வந்தது என்று மாணவரைக் கேளுங்கள். மலைநாட்டுப் பிள்ளையாயின் அதைத் தன் பாட்டியிடம் கேட்டு வரட்டும். போரின் வரலாற்றில் எழுதப்படாத அத்தியாயம் அங்கிருந்தே தொடங்கும்.