கண்டேன், அறிவேன்: கொள்ளைநோய்க் காலத்தில் சாட்சி

சாட்சி என்ற சொல்லுக்குள் ஒரு கண் இருக்கிறது. 'அக்ஷ' என்ற வடமொழி வேரைத் தொட்டு வரும் அச்சொல் கண்ணோடு இருந்தவனை, கண்ணால் கண்டவனைக் குறிக்கிறது. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் வேறொரு வழக்கு உண்டு. நிலம் கைமாறிய விவரம் முடிந்ததும் அடியில் ஆட்கள் வரிசையாக வருவார்கள். அங்கே அவர்கள் சொல்லும் வார்த்தை 'அறிவேன்'. எழுதத் தெரியாதவர் தன் குறியை இடுவார், எழுதத் தெரிந்த இன்னொருவர் அதற்குப் பொறுப்பேற்று எழுதுவார். அந்தக் குறிக்குத்தான் தற்குறி என்று பெயர். ஒரு மனிதரின் ஒப்புதலைச் சுமந்த அச்சொல் பின்னாளில் படிக்காதவனைத் திட்டும் வசையாக மாறியது. எழுத்தின் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதுவே ஒரு சிறு வரலாறு.

கண்டேன், அறிவேன் என்ற இந்த இரண்டும் சாதாரண நாட்களில் ஒரே ஆளிடம் இருக்கும். கொள்ளைநோய்க் காலத்தில் பிரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு நம்மைத் தெரியாது, நம்மைத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க முடியாது. அப்போது சட்டம் எதைச் சாட்சி என்று ஏற்கிறது, யாருக்காக விதியைத் தளர்த்துகிறது? ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். 2021 மே மாதம், இரண்டாம் அலை. அப்பா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு இருக்கிறார். இரண்டு பையன்கள் வளைகுடாவில். கணவனை இழந்த மகள் ஊரில் அப்பாவோடு இருந்தவள். ஒரு நர்ஸ் தயவில் மூவரையும் செல்போன் வீடியோவில் பிடித்தார்கள். "வீடு ஒனக்குத்தான் ஆத்தா. டேய், ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டீங்களாடா?" என்றார். கேட்டுக்கொண்டோம் என்றார்கள். நாலு நாளில் போய்விட்டார்.

பிறகு பாகம் பிரிக்கும்போது சின்னவர் பொய் சொல்லவில்லை. "அப்பா சொன்னது நெசந்தான். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 63. உயில் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்தோ குறியோ இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்டிருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துத்தான்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதற்குமேல் ஒரு நிபந்தனை: சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். போனில் கேட்டது எதுவும் இதில் அடங்காது. அம்மா முன்பே இறந்துவிட்டதால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. மகள் குடியிருந்த வீட்டில் அவளுக்கு மூன்றில் ஒன்று.

அந்த வார்டில் சாட்சிக்கு ஆளே இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதி, நோயாளி ரேகை வைக்க, கவச உடையில் இருந்த இரண்டு நர்சுகள் கையெழுத்துப் போட்டிருந்தால் உயில் செல்லும். பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அதாவது, அவர் யார், எந்த வீடு, எந்த மகள் என்று ஒன்றும் தெரியாத, முகம்கூடத் தெரியாமல் மூடியிருந்த இருவர் சட்டத்தின் கண்ணில் முழுச் சாட்சிகள். வாழ்நாள் முழுக்க அவரை அறிந்த மூவர் சாட்சிகள் அல்ல. பக்கத்துக் கட்டிலில் கீழக்கரை முஸ்லிம் பெரியவர் ஒருவர் படுத்திருந்தால் கதையே வேறு. வஸிய்யத் வாய்ச்சொல்லாகவே செல்லும், இரண்டு கையெழுத்து வேண்டியதில்லை. வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை அப்படிக் கொடுக்கலாம். அதற்கடுத்த கட்டிலில் தங்கச்சிமடத்துக் கிறித்தவர் என்றால் மறுபடி பிரிவு 63தான். ஒரே வார்டு, ஒரே நோய், ஒரே மூச்சுத்திணறல். ஆனால் கடைசிச் சொல்லின் மதிப்பு கட்டிலுக்குக் கட்டில் மாறுகிறது.

2

இது என்றுமே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக்கூடாது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் நம் மாகாணத்தில் சென்னை நகரத்தோடு நின்றுகொண்டது. ராமநாதபுரம் போன்ற வெளியூர்களில் இந்து ஒருவர் வாயால் சொன்ன உயிலும் செல்லும் என்ற நிலை வெகுகாலம் நீடித்தது. 1927 ஜனவரி 1க்குப் பிறகு எழுதப்படும் எல்லா இந்து உயில்களும் எழுத்து, கையெழுத்து, இரு சாட்சி என்ற கட்டுக்குள் வந்தன. ஆக, அந்த மகளின் கொள்ளுப்பாட்டன் சொல்லியிருந்தால் நின்றிருக்கக்கூடிய சொல், அப்பா சொன்னபோது நிற்கவில்லை. நவீனம் வந்தால் எல்லாம் எளிதாகும் என்ற நம் பொதுப்புத்திக்கு இது ஒரு சிறு இடைஞ்சல்.

கண்ணின் மேல் இந்தப் பிடிவாதம் எப்படி வந்தது? சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஷாமு பட்டர் எதிர் அப்துல் காதிர் ராவுத்தர் வழக்கின் தீர்ப்பு 1912இல் வந்தது. அடமானப் பத்திரத்தில் கையெழுத்திடுவதை நேரில் கண்டவர்தான் சாட்சி, 'ஆமாம், நான் போட்டதுதான்' என்று பின்னால் சொல்லக் கேட்டவர் சாட்சியல்ல என்றது தீர்ப்பு. ஊர்வழக்கம் வேறாக இருந்ததால் பத்திரங்கள் பல ஆட்டம் கண்டன. 1926இல் சொத்து மாற்றச் சட்டத்தைத் திருத்தி, சொல்லக் கேட்டவரையும் சாட்சியாக்கினார்கள். அறிவேன் மறுபடி பாதி உள்ளே வந்தது. ஆனால் முன்னிலை என்ற வாசற்படி அப்படியே இருந்தது.

இதற்கு நடுவில் 1915இல் இன்னொரு தீர்ப்பு. வடக்கே கோஷா பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அடமானப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். சாட்சிகள் முகத்தைக் காணவில்லை. குரலை அறிந்திருந்தார்கள், எழுதும் கையைக் கண்டார்கள். இது போதும் என்றது அதே பிரிவி கவுன்சில். திரை இருந்தது, சாட்சியும் நின்றது. குரலை அறிந்தவர் என்பதுதான் அங்கே முகத்துக்கு ஈடானது. 100 ஆண்டுகளுக்குப் பிறகு முகமும் குரலும் சேர்ந்து தெரியும் செல்போன் திரை அதே சட்ட மரபில் போதாமல் போனது. இந்த முரண்பாட்டை யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

3

இப்போது மண்டபத்துக்கு வருவோம். சொத்துள்ளவரின் தாளுக்கு இரண்டு ஜோடிக் கண்கள் கேட்ட அதே காலத்தில், அதே கடற்கரையில், சொத்தில்லாதவரின் தாள் எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி வந்த பிறகு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகள் மண்டபம் வழியாகப் போனார்கள். அங்கே இந்திய மண்ணில் இலங்கை அரசு நோய்த்தடுப்பு முகாம் நடத்தியது. பிளேக், காலரா, அம்மை பயம். அடைத்து வைத்து, உடம்பைப் பார்த்து, ஊசி போட்டு அனுப்பினார்கள். இன்றும் அந்த ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் 'மண்டபம் கேம்ப்' என்றுதான் பெயர். கொள்ளைநோய்க்கு ஆட்பட்ட நகரத்தைக் கண்காணிப்பின் மாதிரியாக ஃபூக்கோ எழுதிக் காட்டியதை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் கண்காணி என்ற சொல்லே கங்காணி ஆகி, ஆள்பிடிப்பவனின் பெயராக இந்தக் கரையில் நடமாடியதைப் போதிய அளவு பேசவில்லை.

கூலியின் வாழ்க்கையைத் தீர்மானித்த தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்தில் பேரம் பேசுவான். கடன் கூலியின் தலையில், பேரம் அவனுக்கு அப்பால். அந்தத் தாளில் கூலியின் கையெழுத்து கிடையாது, குறி கிடையாது. அவன் முன்னிலை தேவைப்படவும் இல்லை. இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. அதாவது பிரிவி கவுன்சில் அடமானப் பத்திரத்துக்குக் கண்ணால் கண்ட சாட்சி கேட்டபோது, ஆளையே அடமானம் வைத்த தாள் சாட்சியில்லாமல் கடல் கடந்த தீவில் கைமாறிக்கொண்டிருந்தது.

அதன் தொடர்ச்சியாகத்தான் 1964 அக்டோபர் 30ஐயும் வாசிக்க வேண்டியிருக்கிறது. சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. அந்த லட்சக்கணக்கானோரின் முன்னிலை அதற்கும் தேவைப்படவில்லை. பிரித்தனுப்பப்பட்டவர்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள், மண்டபம் அவர்களுக்கும் முகாம் ஆயிற்று.

ஆக, முன்னிலை என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டக் கோட்பாடாக ஒருநாளும் இருந்ததில்லை. சிலருடைய தாளுக்கு அது கேட்கப்பட்டது, சிலருடைய தாளுக்குக் கேட்கப்படவே இல்லை.

4

இந்தப் பின்னணியில் 2020ஐப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அரசும் நீதிமன்றமும் தமக்குத் தேவையானபோது முன்னிலையைத் தளர்த்திக்கொள்ளத் தயங்கவில்லை. 2020 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா நீதிமன்றங்களும் காணொலியில் விசாரிக்க வழிசெய்தது. அமெரிக்காவில் இருக்கும் டாக்டரைத் திரையில் சாட்சி விசாரிக்கலாம் என்று 2003இலேயே அது சொல்லியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், மின்னணு வழியாகத் தரும் வாக்குமூலத்தையும் சாட்சியம் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ஆகவே இன்று உயில் சாட்சி ஒருவர், 'அவர் கையெழுத்திட்டதை நான் நேரில் கண்டேன்' என்று திரையில் தோன்றிச் சொல்லலாம். ஆனால் அந்தக் கையெழுத்தைத் திரையில் கண்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது! 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் தனக்கு அப்பாற்பட்ட ஆவணங்களின் பட்டியலில் உயிலை இன்றுவரை வைத்திருக்கிறது.

கல்யாணத்துக்கு வழி கிடைத்தது. சிறப்புத் திருமணச் சட்டப்படி மணமக்கள் பதிவாளர் முன்னிலையிலும் மூன்று சாட்சிகள் முன்னிலையிலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை அமெரிக்காவில் இருந்த ஒரு வழக்கில், அதைக் காணொலியில் நடத்தலாம் என்று 2022இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புதான். திரையில் சேர்ந்து வாழ ஒப்புக்கொள்ளலாம் என்றால், திரையில் விட்டுப்போக ஏன் கூடாது?

இங்கிலாந்து இதைச் செய்து பார்த்தது. 1837ஆம் ஆண்டின் உயில் சட்டத்தைத் தற்காலிகமாகத் திருத்தி, 2020 ஜனவரி 31 முதல் எழுதிய உயில்களுக்கு நேரலைக் காணொலிச் சாட்சியை ஏற்றார்கள். பதிவுசெய்த வீடியோ செல்லாது. தாள் பிறகு சாட்சிகளிடம் போக, அவர்களும் திரையில் தெரியக் கையெழுத்திட வேண்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள் என்றார்கள். 2024 ஜனவரி 31ஓடு அந்த வாசல் மூடப்பட்டது. நமக்கு அந்தச் சட்டத்தைக் கொடுத்தவர்கள் அதை வளைத்துப் பார்த்தார்கள். வாங்கிக்கொண்ட நாம் வளைக்கவில்லை.

5

திரையைக் கொண்டாடும் வேலை எனக்கில்லை. போனைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று திரையில் தெரியாது. சட்டகத்துக்கு வெளியே நின்று மிரட்டும் மகன் இருக்கலாம். அவன்தான் இன்றைய கங்காணி. குரலையும் முகத்தையும் செய்துகாட்டும் கருவிகள் வந்துவிட்டன. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்துக்காக ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மையில் தோய்த்துத் தாளில் பதித்தார். பின்னால் அவர் மறுக்காதிருக்க மிரட்டிவைப்பதுதான் நோக்கம் என்று ஹெர்ஷலே எழுதியிருக்கிறார். புதிய அத்தாட்சி முறை ஒவ்வொன்றும் முதலில் யார் கழுத்தைப் பிடிக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் பழைய சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி கிடக்கிறது. அதே 1925 சட்டத்தின் பிரிவு 65, 66. போரில் இருக்கும் சிப்பாய், விமானப்படை வீரர், கடலில் இருக்கும் மாலுமி ஆகியோர் இரண்டு சாட்சிகள் முன் வாயால் சொன்னாலே அது உயில். ஆபத்து நீங்கி, அந்த உரிமை முடிந்து, ஒரு மாதம் கழித்தும் அவர் உயிரோடு இருந்தால் வாய்ச்சொல் உயில் தானாகக் காலாவதி ஆகிவிடும். எவ்வளவு நிதானமான ஏற்பாடு! 2020இல் நம்மை ஆள்பவர்கள் நோயோடு போர் என்றார்கள். நர்சுகளையும் துப்புரவுத் தொழிலாளரையும் முன்களப் பணியாளர் என்றார்கள். போர் என்ற உருவகம் ஊரடங்குக்குப் பயன்பட்டது, தடியடிக்குப் பயன்பட்டது. அதே உருவகத்தைக் கொஞ்சம் நீட்டி, அந்தப் போரில் கிடந்தவருக்கு ஒரு சிப்பாயின் கடைசி உரிமையைக் கொடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பாக் நீரிணையில் ராத்திரி வலை போடும் மீனவர் அந்த 'மாலுமி'க்குள் அடங்குவாரா என்றுகூட நாம் கேட்டதில்லை.

எனவே கேட்க வேண்டியது பெரிய தொழில்நுட்பம் இல்லை. பிரிவு 65இன் பட்டியலில், அறிவிக்கப்பட்ட கொள்ளைநோய்க் காலத்தில் தனிமையில் வைக்கப்பட்ட நோயாளியையும் சேர்க்க வேண்டும். சாட்சி இருவரில் ஒருவர் அறையில் கண்டவராகவும் மற்றவர் திரையில் அறிந்தவராகவும் இருக்கலாம் என வேண்டும். போனைப் பிடித்திருக்கும் கையை முதல்வர் பார்ப்பார், குரலை இரண்டாமவர் அறிவார். பிழைத்து வீடு திரும்பினால் ஒரு மாதத்தில் அந்தச் சொல் காலாவதி ஆகட்டும், நிதானமாக உட்கார்ந்து புதிதாக எழுதிக்கொள்ளட்டும். இதனால் பயன்பெறுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அப்பனையும் ஆத்தாளையும் கடைசிவரை பார்த்துக்கொண்டு, தாளில் பெயர் ஏறாமல் நிற்பவர்கள். அடுத்த கொள்ளைநோய் வருவதற்குள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வந்தபின் கேட்க நேரம் இருக்காது.