எம்.ஐ.டி.யை ஜெயிச்ச ஸ்டிங்கி

எம்.ஐ.டி.ன்னு சொன்னதும் குரோம்பேட்டைக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறிடாதீங்க. நான் சொல்றது அமெரிக்காவில் இருக்கும் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. இன்ஜினியரிங் படிச்சவன், படிக்காதவன் எல்லாரும் கும்பிடு போடும் இடம். 2004 ஜூன் மாதம் ஒரு ரோபோ போட்டியில் அந்த எம்.ஐ.டி. அணியை, அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரத்தின் ஏழைப் பகுதியிலிருந்து வந்த நாலு ஹைஸ்கூல் பசங்க பின்னுக்குத் தள்ளினாங்க. சினிமாக் கதை மாதிரி இருக்கா? சினிமாவாவே எடுத்துட்டாங்க (2015, 'ஸ்பேர் பார்ட்ஸ்'). ஆனா கோப்பை வாங்கினதுக்கு அப்புறம்தான் இந்தக் கதையோட முக்கியமான பாதி ஆரம்பிக்குது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் முன்கதை

ஸ்கூல் பசங்க ரோபோ செஞ்சு மோதுவது அமெரிக்காவில் பெரிசா வளர்ந்ததுக்கு முக்கியக் காரணம் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர். விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் அறிவியல் படிக்கிற பசங்களுக்கும் கிடைக்கணும்னு 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பை ஆரம்பிச்சார். கூட நின்னவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ். தன் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பை நிறைய உதிரி சாமான் கொடுத்து "மெஷின் செஞ்சு மோதுங்க"ன்னு விட்டவர் அவர். முதல் 'ஃபர்ஸ்ட்' போட்டி 1992-ல் நியூ ஹாம்ஷயரில் ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் நடந்தது. 28 அணிகள். ஆக, இந்த விளையாட்டுக்கு விதை போட்டதே எம்.ஐ.டி. வகுப்பறைதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

தண்ணிக்கு அடியில் ஓடும் ரோபோக்களுக்குத் தனிப் போட்டி இருக்கு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 'மேட்' என்ற கடல் தொழில்நுட்பக் கல்வி மையம் நடத்துவது. 2004-ல் சாண்டா பார்பராவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து நீச்சல் குளத்தில் நடந்தது. மூழ்கிப்போன ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரியை ரோபோ விட்டு அளக்கணும், பொருட்களைத் தூக்கணும், பீப்பாயிலிருந்து 500 மி.லி. திரவம் உறிஞ்சி மேலே கொண்டு வரணும்.

நாலு பசங்க, ரெண்டு வாத்தியார்

மேற்கு ஃபீனிக்ஸில் கார்ல் ஹேடன் ஹைஸ்கூல். பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அங்கே கம்ப்யூட்டர் வாத்தியார் ஆலன் கேமரன், கடல் அறிவியல் வாத்தியார் ஃப்ரெடி லஜ்வார்டி (ஈரானில் பிறந்தவர்). பசங்க ஆஸ்கார் வாஸ்க்வெஸ், கிறிஸ்டியன் அர்செகா, லொரென்சோ சான்டியன், லூயிஸ் அராண்டா. நாலு பேருமே சின்ன வயசில் மெக்ஸிகோவிலிருந்து வந்தவங்க, யார் கிட்டேயும் குடியேற்ற ஆவணம் கிடையாது.

போட்டியில் ரெண்டு பிரிவு. ஒண்ணு கொஞ்சம் சுலபம், இன்னொண்ணு கல்லூரிகள் மோதும் கஷ்டமான பிரிவு. வாத்தியாருங்க கஷ்டமானதில் பேரைக் கொடுத்தாங்க. காரணம் வீரம் இல்லை, வெறும் கணக்குதான்! இன்னொரு ஸ்கூல் கிட்டே தோத்தா அசிங்கம், எம்.ஐ.டி. கிட்டே தோத்தா யார் சிரிக்கப் போறாங்க? கடைசி இடம் வராம இருந்தாப் போதும், அதான் லட்சியம்.

எம்.ஐ.டி. அணியின் பட்ஜெட் பத்தாயிரம் டாலருக்கு மேல், எக்ஸான்மொபில் ஸ்பான்ஸர் வேற. இவங்க கையில் சுமார் 800 டாலர். அதனால் உடம்பு முழுக்க பி.வி.சி. பைப். அதில் ஒரு சூட்சுமம் பாருங்க. பைப்புக்குள்ளே காத்தை அடைச்சு மூடினா அதுவே மிதவை, தனியா மிதவை கட்ட வேண்டாம். பேட்டரியைத் தண்ணி புகாத ஒரு பெட்டியில் வச்சு ரோபோவிலேயே ஏத்திட்டாங்க, மேலேயிருந்து கனமான மின் கேபிள் இழுக்க வேண்டாம். திரவம் உறிஞ்ச ஒரு செப்புக் குழாய், ஒரு பம்ப், சேர்த்து வைக்க ஒரு பலூன். பைப் ஒட்டின பசை நாத்தம் தாங்காம ரோபோவுக்கு 'ஸ்டிங்கி'ன்னு பேர் வச்சாங்க. நம்மூர்ல 'நாத்தம் புடிச்சவன்'னு வச்சிருப்போம்.

பஞ்சு காப்பாத்திய கதை

சாண்டா பார்பரா போய்ச் சோதிச்சா, பெட்டிக்குள் தண்ணி கசியுது. உள்ளே அத்தனை எலெக்ட்ரானிக்ஸும் இருக்கு. ராத்திரி முழிச்சு ஒயர்களை மறுபடி சால்டரிங் பண்ணினாங்க, ஆனா கசிவை நிறுத்த வழி தெரியலை. சரி, கசியட்டும், கசியற தண்ணியை உறிஞ்சிட்டா போதுமே! சின்ன இடத்தில் நிறைய தண்ணி உறிஞ்சும் சாமான் எது? டாம்பான், அதாவது மாதவிடாய் நாட்களில் பெண்கள் உபயோகிக்கும் பஞ்சு. கடைக்குப் போனது லொரென்சோ. எதை வாங்கறதுன்னு தெரியாம முழிச்சு, அங்கே இருந்த ஒரு பெண்மணியைக் கேட்டு வாங்கி வந்தான். பெட்டிக்குள் பஞ்சை அடுக்கி, ஸ்டிங்கியைக் குளத்தில் இறக்கினாங்க. வேலை செஞ்சது!

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடறேன். தண்ணிக்கு அடியில் செஞ்ச வேலைகளுக்கான மதிப்பெண்ணில் மட்டும் இவங்க முதலிடம் இல்லை. பீப்பாய்த் திரவத்தை வெற்றிகரமா எடுத்தாங்க, ஆனா வேறு சில வேலைகளில் எம்.ஐ.டி. முன்னாடி இருந்தது. கணக்கை மாத்தினது நடுவர்களின் நேர்காணலும், எழுதிக் கொடுத்த தொழில்நுட்ப அறிக்கையும். ஏன் பவர்பாயிண்ட் இல்லைன்னு நடுவர் கேட்டதுக்கு, என்ன பேசறதுன்னு தெரியாதவங்கதான் அதை வச்சுப்பாங்கங்கிற மாதிரி பதில் சொல்லியிருக்காங்க. வாரம் மூணு ப்ரசன்டேஷன் செய்யும் நான் இதைப் படிச்சிட்டு வாயை மூடிக்கிட்டேன்.

பரிசளிப்பில் முதலில் ஒரு சிறப்புப் பரிசு கொடுத்தாங்க. ஆறுதல் பரிசுன்னு நினைச்சுக்கிட்டாங்க. அப்புறம் வடிவமைப்புக்குப் பரிசு. அப்புறம் தொழில்நுட்ப எழுத்துக்குப் பரிசு, வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பசங்களுக்கு! கடைசியில் ஒட்டுமொத்த முதலிடம். எம்.ஐ.டி. ரெண்டாவது.

கோப்பைக்கு அப்புறம்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் டெக்ஸாஸ் வழக்கு ஒண்ணில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடக் கதவை மூடக்கூடாது. ஆனா அது பள்ளியோட சரி. பன்னிரண்டாம் வகுப்பு முடிஞ்ச மறுநாள் அந்தப் பாதுகாப்பும் முடிஞ்சது. கல்லூரிக்கு அரசு உதவி கிடையாது, சட்டப்படி வேலையும் கிடையாது. 2005-ல் 'வயர்ட்' பத்திரிகையில் இவங்க கதை வந்து, வாசகர்கள் படிப்புக்குப் பணம் அனுப்பினாங்க. 2006 நவம்பரில் அரிசோனா மக்கள் வாக்கெடுப்பில் 300-ஆம் எண் முன்மொழிவு ஜெயிச்சது. ஆவணம் இல்லாத மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் கிடையாது, பல மடங்கு அதிகமான வெளிமாநிலக் கட்டணம்தான். கிறிஸ்டியன் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டான். எம்.ஐ.டி.யைத் தோற்கடிச்ச மூளை!

ஆஸ்கார் தாக்குப் பிடிச்சு 2009-ல் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆனான். அந்தப் பட்டமளிப்பில் பேசினது அதிபர் ஒபாமா. டிகிரி இருக்கு, வேலைக்குப் போக உரிமை இல்லை. நேர்மையா விசா வாங்கி வரலாம்னு தானாகவே மெக்ஸிகோ போனான். 1996-ஆம் வருஷச் சட்டப்படி பத்து வருஷத் தடை விழுந்தது. மனைவியும் கைக்குழந்தையும் அமெரிக்காவில். இல்லினாய் செனட்டர் டிக் டர்பின் தலையிட்டதும் 2010 ஆகஸ்டில் திரும்பி வந்தான். அப்புறம் ராணுவத்தில் சேர்ந்து, குடியுரிமை வாங்கி, ஆப்கானிஸ்தான் போனான். 2016 ஜனவரியில் ஒபாமாவின் வருடாந்திர உரைக்கு மிஷெல் ஒபாமாவின் விருந்தினரா உட்கார்ந்திருந்தது இதே ஆஸ்கார்தான்.

அந்தப் பள்ளி அணியும் அதோட நிக்கலை. 'ஃபர்ஸ்ட்' போட்டியின் மிகப்பெரிய கௌரவமான சேர்மன் விருதை 2008-ல் வாங்கினாங்க. அதுவும் ரோபோ ஜெயிச்சதுக்கான விருது இல்லை, சுத்தி இருக்கிற சமூகத்தை மாத்தினதுக்கான விருது. 2022 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள் 308-ஆம் எண் முன்மொழிவை ஏத்துக்கிட்டாங்க. அங்கேயே ஹைஸ்கூல் படிச்ச பிள்ளைகளுக்கு ஆவணம் இல்லாட்டியும் உள்ளூர்க் கட்டணம். பதினாறு வருஷம் லேட்.

எனக்கு உறைச்சது

கல்லூரிக் கடைசி வருஷம் எங்க ப்ராஜெக்ட்டை எப்படி 'செஞ்சோம்'னு சொல்லவா? நாலு பேர் காசு போட்டு ரெடிமேடா வாங்கினோம். வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரிதான் சர்க்யூட்டில் எது எங்கே இருக்குன்னு பார்த்தோம். பெட்டிக்குள் தண்ணி கசிஞ்சிருந்தா விற்ற கடைக்குப் போன் போட்டிருப்போம். எங்களுக்கு ஆதார், ரேஷன் கார்டு, டிகிரி, கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் இருந்தது. அந்தப் பசங்களுக்கு அதில் எதுவுமே இல்லை. ஆனா அவங்க ரோபோ பத்தி எதைக் கேட்டாலும் அவங்களுக்குப் பதில் தெரியும்.

திறமை இருந்தா முன்னேறலாம்னு நாம சுலபமா சொல்லிடறோம். இந்த நாலு பேர் திறமையை நிரூபிச்சு முடிச்சுட்டாங்க, நடுவர்கள் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருந்தது. அப்புறமும் கதவைத் திறக்க ஒரு செனட்டர் வேண்டியிருந்தது, அதுவும் ஒருத்தனுக்குத்தான். பெட்டிக்குள் கசிஞ்ச தண்ணிக்குப் பஞ்சு கண்டுபிடிச்சவங்களால் சட்டத்தில் இருந்த ஓட்டையை அடைக்க முடியலை. அது பசங்க செய்ய வேண்டிய வேலையும் இல்லையே.

உங்க ப்ராஜெக்ட் சொந்தமா, ரெடிமேடா? பின்னூட்டத்தில் உண்மையைச் சொல்லுங்க மக்கா. நான் சொல்லிட்டேன் :-)