நீல அங்கிப் பிள்ளைகள்

கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் இங்கிலாந்து விடுதிப் பள்ளியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

எளியவருக்குச் செய்ததெல்லாம் தமக்கே செய்ததாகும் என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அருளினார். அதை உயிராகக் கொண்டவர் பேராயர் நிக்கலஸ் ரிட்லி. லண்டன் தெருக்களில் கிறிஸ்துவே பசியோடும் குளிரோடும் கிடக்கிறார், அவருக்கு ஒரு தங்குமிடம் தாருங்கள் என்ற கருத்தில் அமைச்சர் செசிலுக்குக் கடிதம் எழுதினார். அரசர் ஆறாம் எட்வர்டின் முன்னிலையில் ஏழைகளுக்காகப் பிரசங்கித்தார். அதன் பயனாக, துறவியர் நீங்கிய கிரேஃபிரையர்ஸ் மடத்தில் இப்பள்ளி தொடங்கி, 1552 நவம்பரில் சுமார் 380 பிள்ளைகள் சேர்ந்தனர். அவர்களில் சிறுமியரும் இருந்தனர். 1553 ஜூன் 26 அன்று பள்ளிக்கு அரச சாசனம் பிறந்தது. பத்தாம் நாள், ஜூலை 6 அன்று, பதினைந்தே வயதான அரசர் மறைந்தார்.

நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் இன்றும் அப்பள்ளியின் சீருடை. 1673இல் அரசர் இரண்டாம் சார்லஸ் அங்கே கடலோடிக் கணிதம் கற்பிக்க ஒரு பிரிவைத் தொடங்கினார்.

அடியேனுக்கு இப்பள்ளி அறிமுகமானது கட்டுரையாளர் சார்லஸ் லாம் வழியாகத்தான். அவரும் கவிஞர் கோல்ரிட்ஜும் 1782இல் அங்கே மாணவராகச் சேர்ந்தவர்கள். 1813இல் பள்ளியைப் போற்றிக் கட்டுரை எழுதிய லாம், 1820இல் ஈலியா என்ற புனைபெயரில் தம்மையே மறுத்தார். லாமுக்கு உறவினர் ஊரிலேயே இருந்ததால் வீட்டுச் சோறு வந்தது. தூரத்துப் பிள்ளையின் பசியை அவர் எங்கே கண்டார் என்று கோல்ரிட்ஜின் குரலில் கேட்கிறார். தம் புகழுரையைத் தாமே குறுக்கு விசாரணை செய்யும் இந்த நேர்மை, மலர்க் கட்டுரை எழுதும் எங்களுக்கு அரிது!

பள்ளி 1902இல் ஹார்ஷமுக்குப் பெயர்ந்தது. ஹெர்ட்ஃபோர்டில் தனியே பயின்ற பெண் பிள்ளைகள் 1985இல் வந்து இணைந்தனர். குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவி வழங்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. கட்டணப் பட்டியலைத் திருத்த அமரும் நம் பள்ளி அறங்காவலர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு மாணவரைச் சொல்லாமல் விட மனமில்லை. சிறுவன் கோல்ரிட்ஜ் இன்பத்துக்காகவே வெர்ஜிலை வாசிப்பதைக் கண்டு, தலைமையாசிரியர் பாயரிடம் வியந்து சொன்னவர் மூத்த மாணவர் தாமஸ் மிடில்டன். அவரே 1814இல் கல்கத்தாவின் முதல் பேராயரானார். சென்னையும் அன்று அவருடைய பேராயத்துக்குள்தான் இருந்தது.