இடிந்த சுவர் மீண்டும் சுவராகும் கதை



பழைய அடுக்குமாடி ஒன்றை இடிக்கும்போது லாரி லாரியாகச் செங்கல்லும் கான்கிரீட்டும் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குப்பையைப் பொடியாக்கி, மணலோடு சேர்த்துச் சாந்தில் கலக்கலாம் என்று சொன்னால், "அட, புதுக் கண்டுபிடிப்பா?" என்று கேட்கத் தோன்றும். 'மறுசுழற்சி நவீன காலச் சிந்தனை' என்று கட்டுரையில் எழுதும் மாணவர்களும் உண்டு. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஆற்று மணலோடு மூன்றில் ஒரு பங்கு, இடித்துச் சலித்த சுட்ட செங்கல் தூளைச் சேர்த்தால் சுண்ணாம்புச் சாந்து மேம்படும் என்று எழுதி வைத்தார். உடைந்த ஓடும் பானையும் இப்படித்தான் ரோமானியரின் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் போயின. 532 முதல் 537 வரை இஸ்தான்புலில் எழுந்த ஹகியா சோபியாவின் சாந்திலும் செங்கல் தூள் உண்டு.

ஏன் தெரியுமா? இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். மணல் சாந்தில் இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். சுட்ட களிமண்ணின் நுண்தூளோ, ஈரம் இருக்கும்போது சுண்ணாம்போடு வினைபுரிந்து இறுகும். அதனால் தண்ணீர் படும் இடத்திலும் சாந்து உறுதியாக நிற்கும். தேர்வில் 'நிரப்பி' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். இந்த வேறுபாட்டையும் எழுதுங்கள்.

இந்தியாவில் இதே தூளுக்குச் 'சுர்க்கி' என்று பெயர். 1895இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டப்பட்டதுதான். ஆனால் ஒன்று: சுர்க்கி எல்லாம் இடிபாட்டிலிருந்து வந்ததல்ல, அதற்கென்றே களிமண்ணைச் சுட்டு அரைப்பதும் வழக்கம்.

பிறகு என்ன ஆயிற்று? 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். வேகமாக இறுகும் சிமெண்ட் பரவப் பரவ, செங்கல் தூளின் தேவை குறைந்தது. பழைய அறிவு ஓரங்கட்டப்பட்டது.

அதைத் திரும்ப அழைத்தது போர். 1945இல் ஜெர்மனியின் நகரங்களில் சுமார் 40 கோடி கன மீட்டர் இடிபாடு குவிந்து கிடந்தது. கட்டடப் பொருளுக்கோ பஞ்சம். பெண்கள் பலர் கைகளால் செங்கல்லைப் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள். முழுக்கல் மறுபடி சுவரானது. உடைந்தது நொறுக்கப்பட்டுப் புதுக் கான்கிரீட்டில் சேர்ந்தது. 1951இல் இதற்கென்று தனித் தரநிலையே வந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் மணலும் இல்லை, குப்பை கொட்ட நிலமும் இல்லை. 1999இல் புலாவ் செமக்காவ் குப்பை நிரப்பிடம் திறந்தது. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது. இரண்டு நெருக்கடியும் சேர்ந்து இடிபாட்டின் மதிப்பை உயர்த்தின. இன்று கட்டுமானக் கழிவில் சுமார் 99 விழுக்காடு மறுசுழற்சியாகிறது என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஆனால் அதில் நிறைய, சாலைக்கு அடியில் போடும் கல்லாகவே போய்விடுகிறது. அதைச் சாந்தாக உயர்த்துவதுதான் இப்போதைய சவால்.

அது எளிதல்ல. கான்கிரீட் தூள் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். கலவை வறண்டு போகும். ஜிப்சம் கலந்திருந்தால் சாந்து உப்பி வெடிக்கலாம். அதனால் கழிவை இடிக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். கலந்து கொட்டினால் அது குப்பை; பிரித்து வைத்தால் அது பொருள்.

மாணவர்களே, காரண–விளைவு வினா வந்தால் இப்படி யோசியுங்கள். பொருள் ஒன்றுதான், தேவைதான் மாறுகிறது: ரோமுக்குத் தண்ணீர் தாங்கும் சாந்து, ஜெர்மனிக்கு வீடு, சிங்கப்பூருக்கு மணலும் நிலமும். இடையில் அந்த அறிவை ஏன் ஓரங்கட்டினோம் என்பதையும் இரண்டு வரி எழுதினால், உங்கள் விடை தனித்து நிற்கும்.