மகுடம் கழற்றிய மன்னர்கள்

ஷேக்ஸ்பியர் மகாகவியின் காலத்து லண்டன் நாடகசாலைகளில் மன்னர்கள் மடிவது புதுமையன்று. அண்ணன் மக்களை மாய்த்து அரியணை ஏறிய மூன்றாம் ரிச்சர்ட் போர்க்களத்தில் வெட்டுண்டு வீழ்ந்தான். விருந்தாக வந்த வேந்தனை உறக்கத்திலே குத்திக் கொன்ற மாக்பெத்தின் தலை, பகைவன் கையில் மேடைக்கு வந்தது. இவற்றைக் கண்டு ராஜாங்கத்தார் கலங்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மூன்றாம் ரிச்சர்டை வென்றவர் எலிஸபெத் ராணியின் பாட்டனாரான ஏழாம் ஹென்றி. மாக்பெத் ஏவியவர்களால் கொலையுண்ட பாங்கோவைத் தம் குலமுதல்வனாகப் போற்றியவர் ஜேம்ஸ் மன்னர். ஆகவே அபகரித்தவனின் நாசம், ஆள்பவரின் உரிமைக்கே சாட்சியாயிற்று. ஆனால் முறைப்படி பட்டாபிஷேகம் பெற்ற அரசன் ஒருவன், உயிரோடிருக்கையிலேயே தன் கையாலே அரசைப் பிறரிடம் ஒப்புவித்து, வெறும் மனிதனாக நிற்பானாயின், அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் துணிவு அந்நாட்டுக்கு நெடுங்காலம் வரவில்லை. ‘இரண்டாம் ரிச்சர்ட்’, ‘லியர் அரசன்’ என்னும் இரு துன்பியல் நாடகங்களும் அரங்கிலே பட்ட பாடு இதற்குச் சரித்திரச் சான்றாக நிற்கிறது.

அக்காலத்தில் எந்த நாடகமும் அரண்மனையின் கேளிக்கை அதிகாரியிடம் சென்று அனுமதி பெற்றே அரங்கேறவேண்டும். 1579 முதல் அப்பதவியை வகித்தவர் எட்மண்ட் டில்னி. ‘ஸர் தாமஸ் மோர்’ என்ற நாடகத்தின் கையெழுத்துப் பிரதி ஒன்று இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் முதற்பக்கத்து ஓரத்திலே, நகர மக்கள் கலகம் செய்யும் காட்சியை அடியோடு நீக்கிவிடும்படி டில்னி தம் கைப்பட எழுதிய கட்டளையைக் காணலாம். கலகத்துக்கே அந்தக் கதி என்றால், முடிதுறப்புக்கு என்ன கதி நேர்ந்திருக்கும்!

‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தின் நான்காம் அங்கம் வெஸ்ட்மினிஸ்டர் மண்டபத்தில் நிகழ்வது. 1399-ஆம் ஆண்டில் தன் சிற்றப்பன் மகனான போலிங்புரோக்கிடம் அரசை இழந்த ரிச்சர்ட் மன்னன் சபைக்குக் கொண்டுவரப்படுகிறான். மகுடத்தின் ஒரு பக்கத்தைத் தான் பற்றிக்கொண்டு, மறுபக்கத்தைப் பற்றும்படி போலிங்புரோக்கை அழைக்கிறான். இரண்டு கைகளுக்கிடையே மகுடம் ஒரு கணம் நிற்கிறது. பின்னர் மகுடத்தையும் செங்கோலையும், தன் நெற்றியில் பூசிய அபிஷேகத் தைலத்தின் புனிதத்தையுங்கூட, ஒவ்வொன்றாகத் தானே களைந்துவிட்டு, ஒரு கண்ணாடியைக் கொணரச் சொல்லி, அதிலே தன் முகத்தைப் பார்த்து, இத்தனை துயரத்துக்குப் பிறகும் அம்முகம் மாறவில்லையே என்று வியந்து, அதனைத் தரையில் வீசி நொறுக்குகிறான். 1597-இலும் 1598-இலும் வெளிவந்த அச்சுப் பதிப்புகளில் இந்தக் காட்சியே கிடையாது. எலிஸபெத் ராணியார் காலமாகி ஐந்து ஆண்டுகள் சென்ற பின்னர், 1608-ஆம் வருஷத்துப் பதிப்பிலேதான் அது முதன்முதலாக அச்சேறியது. கவி அதனைப் பிற்பாடு எழுதிச் சேர்த்தார் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ஆயினும் முன்பின் காட்சிகளோடு அது பிணைந்து கிடக்கும் பாங்கை நோக்கும்போது, முதலிலேயே எழுதப்பட்டுப் பின் அச்சத்தால் நீக்கப்பட்டது என்ற முடிவே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ராணியார் முதுமை எய்தியிருந்தார், அவருக்கு மகப்பேறில்லை, அடுத்துப் பட்டத்துக்கு வருபவர் இன்னார் என்று வாய்திறந்து பேசுவதே குற்றமாக இருந்தது. அந்நிலையில், ஒரு காலத்தில் ராணியாரின் பேரன்புக்குரியவராக விளங்கிப் பின்னர் அரண்மனையிலிருந்து விலக்கப்பட்ட எஸ்ஸெக்ஸ் பிரபு கலகத்துக்கு ஆயத்தமானார். அவருடைய அணுக்கர் சிலர் குளோப் நாடகசாலையின் நடிகர்களை நாடி, ரிச்சர்ட் மன்னன் முடியிழந்து மாண்ட கதையை நடிக்கவேண்டுமென்று கேட்டனர். அது பழைய நாடகமாயிற்றே, பார்க்க ஆள் வராதே என்று நடிகர்கள் தயங்கவே, வழக்கமான வசூலுக்கு மேல் 40 ஷில்லிங் தருவதாகச் சொல்லி இசைவித்தனர். 1601 பிப்ரவரி 7-ஆம் தேதி, சனிக்கிழமை பிற்பகல் நாடகம் நடந்தது. மறுநாள் காலையில் எஸ்ஸெக்ஸ் ஏறத்தாழ 300 பேருடன் லண்டன் வீதிகளில் இறங்கினார். ஜனங்கள் ஒருவரும் அவரோடு சேரவில்லை, இரவுக்குள் சரணடைந்தார். நடிகர்களின் சார்பில் அகஸ்டின் பிலிப்ஸ் என்பவர் விசாரணை அதிகாரிகளின்முன் வாக்குமூலம் கொடுத்தார்; அந்த 40 ஷில்லிங் விவரம் நமக்குக் கிடைப்பது அதிலிருந்துதான். நடிகர்களுக்குத் தண்டனை ஏதுமில்லை. பிப்ரவரி 24-ஆம் தேதி இரவு அதே குழுவினர் அரண்மனையில் ராணியாரின்முன் நாடகம் நடித்தனர்; 25-ஆம் தேதி காலையில் லண்டன் கோட்டைக்குள் எஸ்ஸெக்ஸின் சிரம் துண்டிக்கப்பட்டது.

நம் பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரமும் போர், ராஜ்யபிரம்சம் என்னும் அரசிழப்பு, மரணம், நகர முற்றுகை ஆகியவற்றை அரங்கிலே நேரே காட்டலாகாது என்று விதித்திருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. அது ரஸத்தைக் கருதி வகுத்த விதி. ஆங்கிலேயரோ மரணத்தையும் போரையும் தாராளமாகக் காட்டிவிட்டு, ராஜ்யபிரம்சம் ஒன்றை மட்டும், அதுவும் அரசியல் காரணத்தால், மறைத்தனர்.

நாட்டை இரு மகள்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அவர்களால் விரட்டப்பட்டுச் சித்தம் கலங்கிய கிழவேந்தன் ‘லியர்’ கதை தொடக்கத்தில் இத்தகைய தடையைச் சந்திக்கவில்லை. 1606 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, ஒயிட்ஹால் அரண்மனையில் ஜேம்ஸ் மன்னர் அதனைப் பார்த்தார். இங்கிலாந்தையும் ஸ்காத்லாந்தையும் ஒரே நாடாக இணைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த மன்னருக்கு, நாட்டைப் பங்கிட்டவன் நாசமுற்ற கதை தம் கொள்கைக்கு அரணாகவே தோன்றியிருக்கலாம். அவருடைய மகன் சார்ல்ஸ், 1649-இல், அதே ஒயிட்ஹாலின் வாசலிலே கோடரிக்கு இரையாகப்போவதை அன்று அங்கே அமர்ந்திருந்தவர்களில் யார் அறிவார்?

அந்தக் கோடரிக்குப் பிறகு, முடியிழந்த மன்னன் நாடகப் பாத்திரமாக மட்டும் இருக்கவில்லை, மக்களின் ஞாபகமாகிவிட்டான். 1642-இல் மூடப்பட்ட நாடகசாலைகள் 1660-இல் இரண்டாம் சார்ல்ஸ் திரும்பி வந்ததும் திறந்தன. அவருடைய தம்பிக்குப் பட்டம் கூடாதென்று பார்லிமெண்டில் கொந்தளிப்பு மூண்டிருந்த 1680-ஆம் ஆண்டின் இறுதியில், நேஹம் டேட் என்ற புலவர் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தைத் திருத்தி எழுதினார். அனுமதி மறுக்கப்பட்டது. களத்தை ஸிஸிலிக்கு மாற்றிப் பெயர்களையும் மாற்றி நடித்துப் பார்த்தார்கள். அதுவும் உடனே தடுக்கப்பட்டது. அதே டேட் 1681-இல் லியரை எடுத்தார். மூலத்தில் மாண்டுபோகும் லியரின் கடைசி மகள் கார்டீலியா இங்கே சாகவில்லை, பிரபு ஒருவரின் மகனான எட்கரை மணக்கிறாள், லியருக்கு ராஜ்யம் திரும்பக் கிடைக்கிறது, லியரின் விதூஷகன் அறவே காணாமற்போகிறான். மன்னர் மீண்டு வந்ததைக் கொண்டாடிய தலைமுறைக்கு இந்த மங்கள முடிவு தேனாக இனித்தது.

ஒரு தலைமுறைக்கு இனித்ததோடு நின்றிருந்தால் வியப்பில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு இதுவே லியராக இருந்தது. 1742 முதல் காரிக் என்னும் மாநடிகர் லண்டனை அழவைத்தது டேட்டின் வரிகளைத் தழுவியே. கார்டீலியாவின் மரணம் தம்மை அதிரவைத்ததால், ஷேக்ஸ்பியரின் பதிப்பாசிரியராக அமரும்வரை அக்கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் தாம் துணியவில்லை என்று 1765-இல் எழுதினார் டாக்டர் ஜான்ஸன். அவ்வளவு திடசித்தம் படைத்த பெரியவரின் உள்ளத்தையே உலுக்கிய கவிதையை, டேட்டைப் பழிப்பதற்கு முன் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பின்னர், திருத்திய லியருக்கும் இடமில்லாத காலம் வந்தது. 1810-இன் இறுதியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சித்தம் மீளாதபடி கலங்கியது. 1811-இல் அவர் மகன் பிரதிநிதியாக ஆளத் தொடங்கினார். விண்ட்ஸர் கோட்டையில் பார்வையும் இழந்து, நீண்ட வெண்தாடியுடன், தமக்குத்தாமே பேசிக்கொண்டு கிழவேந்தர் கழித்த அந்த ஆண்டுகளில், லண்டனின் உரிமம் பெற்ற இரு பெரும் நாடகசாலைகளும் லியரை அடியோடு ஒதுக்கிவைத்தன. 1820 ஜனவரியில் மன்னர் மறைந்தார். ஏப்ரலுக்குள் இரண்டு அரங்குகளிலும் லியர் வந்துவிட்டான்.

நடிகர் எட்மண்ட் கீன் 1823-இல் கார்டீலியாவின் மரணத்தை மீட்டுப் பார்த்தார்; சபை ஏற்கவில்லை; விரைவில் பழைய முடிவுக்கே திரும்பினார். 1838 ஜனவரியில் காவெண்ட் கார்டன் அரங்கில் நடிகர் மெக்ரீடி, விதூஷகன் உள்பட, கவியின் லியரை மீட்டார். அந்த விதூஷகனைப் பற்றிக் கடைசிவரை அவருக்குக் கலக்கம். நோஞ்சலான, அழகிய முகமுடைய, பாதி பேதலித்த சிறுவனாக அவனைத் தாம் கற்பனை செய்திருப்பதாகவும், அப்படி நடிக்க ஆள் இல்லையென்றும் அவர் வருந்த, ஒரு பெண் நடிக்கட்டுமே என்றார் உடனிருந்த பார்ட்லி. பிரிஸில்லா ஹார்ட்டன் என்ற இளநங்கை அவ்வேடம் பூண்டாள். ஒன்றரை நூற்றாண்டு மௌனமாக்கப்பட்டவன் இவ்வாறு ஒரு பெண்ணின் குரலிலே மறுபடி பேசினான்.

ரசனை வளர்ந்ததால் மட்டும் இம்மாறுதல் நேர்ந்தது என்று நான் கருதவில்லை. 1832-இன் சீர்திருத்தச் சட்டம் வருவதற்குள் நாட்டின் உயிர் அரசனின் தலையிலிருந்து பார்லிமெண்டின் அவைக்குப் பெயர்ந்துவிட்டது. மகுடம் கழன்றால் நாடு சிதறும் என்ற பீதி, நாடகம் பார்க்க வருபவனின் நெஞ்சில் இருக்கவில்லை. பழைய கீனின் மகனான சார்ல்ஸ் கீன் 1857-இல் பிரின்ஸெஸ் அரங்கிலே ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தைப் பெரும் ஆடம்பரத்துடன் நடத்தியபோது, விக்டோரியா மகாராணியாரே வந்து பார்த்தார்.